10 கேபி மெமரிதான்... ஆனாலும் அது நம்ம கம்ப்யூட்டர்! - ஆர்.நரசிம்மன் கதை

சித்தையன்கோட்டையில் பஸ் ஏறி, திண்டுக்கல் போய்ச் சேர்றதுக்குள்ள மொபைலில் ஒரு பைத்தான் வீடியோவை முடிக்கிற ஆளா நீங்க? சொந்தமா லேப்டாப் இல்லாம புரோகிராமிங் வருமான்னு கவலையா? அப்போ ஆர்.நரசிம்மனைத் தெரிஞ்சுக்கங்க. இவர் வேலைக்குச் சேர்ந்தப்போ, இந்தியாவில் உருவான டிஜிட்டல் கம்ப்யூட்டர்னு ஒண்ணுகூட கிடையாது.

1926-ல் சென்னையில் பிறந்தவர். இங்கே இன்ஜினீயரிங் முடிச்சுட்டு அமெரிக்கா போனார். கால்டெக்கில் எம்.எஸ்., இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பிஹெச்.டி. அங்கேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனா, 1954-ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்துட்டார்.

கம்ப்யூட்டரை இங்கேயே வடிவமைச்சு, இங்கேயே கட்டணும். இதுதான் வேலை. கூட இருந்தது ஒரு சின்ன டீம், பெரும்பாலும் இளைஞர்கள். 1956-ல் முதலில் சிறிய மாதிரி இயந்திரம். 1960-ல் முழு கம்ப்யூட்டரே பயன்பாட்டுக்கு வந்துடுச்சு. 1962-ல் பிரதமர் நேரு அதுக்கு `டிஃப்ராக்' எனப் பெயர் சூட்டினார்.

18 அடி நீள இரும்பு ரேக், 2,700 வேக்வம் டியூப்கள். மெமரி? குட்டிக் குட்டி காந்த வளையங்கள். ஒரு வளையம் ஒரு பக்கமா காந்தமானா 0, மறுபக்கமா காந்தமானா 1. அதுதான் ஒரு பிட். ஒரு `வேர்டு'க்கு 40 பிட், மொத்தம் 2,048 வேர்டு. பெருக்கிப் பாருங்க... 81,920 பிட், அதாவது வெறும் 10 கேபி! 4 ஜிபி ரேம் இருக்கிற போன், இதைவிட 4 லட்சம் மடங்குக்கும் மேல் பெருசு.

இவ்வளவு குறுகிய இடத்தில் புரோகிராம் எழுதணும்னா, எந்த எண் எங்கே இருக்கு, அடுத்து என்ன செய்யணும்னு ஒவ்வொரு படியையும் முதல்ல தாளில் தீர்மானிச்சாகணும். அப்புறம்தான் காகித நாடாவில் துளை போட்டு மெஷினுக்குள் அனுப்ப முடியும்.

இதில் ஒரு சோகம் உண்டு. டிஃப்ராக் ஓட ஆரம்பிச்சப்போ, உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிக்கிட்டிருந்தது. பிறந்தப்பவே அது பழைய மாடல். அப்போ உழைப்பு வீணா? இல்லவே இல்லை. மெஷின் பழசாச்சு, கட்டும்போது கத்துக்கிட்டது பழசாகலை. கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியாவின் முதல் தலைவர் நரசிம்மன்தான். 1977-ல் பத்மஸ்ரீ. 2007-ல் மறைந்தார்.

இன்னைக்கு ஒரு சின்ன வேலை பாருங்க. மூணு எண்களில் பெரியது எதுன்னு கண்டுபிடிக்கிற வழியை, ஒரு படியையும் விடாம தாளில் எழுதுங்க. புரோகிராமிங் அங்கேதான் ஆரம்பிக்குது. அதுக்கு லேப்டாப் தேவையில்லை!