கம்மந்தான் கான்சாகிபு

போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவது, இருபெரும் படைகள் எதிரெதிர் அணிவகுத்து நிற்கும் களமே ஆகும். பரணியும் புறநானூறும் பயின்ற நமக்கு இவ்வெண்ணம் இயல்பானது. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் தலைவிதி, களத்தைக் காட்டிலும் நெல்மூட்டை செல்லும் காட்டுவழியிலும், களவாகக் கைமாறிய ஓலைகளிலும், கையூட்டுப் பெற்ற கைகளிலுமே பெரிதும் முடிவாயிற்று. இவ்வகைப் போரைத் தன் காலத்தவர் எவரினும் நன்கறிந்த தமிழர் ஒருவர் இருந்தார். அவரே முகம்மது யூசுப்கான் என்னும் மதுரைக் கான்சாகிபு. கமாண்டண்ட் என்ற பதவிப்பெயர் தமிழர் நாவில் கம்மந்தான் எனத் திரிந்து, அதுவே அவருக்குப் பெயராய் நிலைத்தது.

1725-ஆம் ஆண்டளவில் இராமநாதபுரச் சீமையின் பனையூரில் வேளாளர் குடியில் பிறந்து, மருதநாயகம் என்னும் பெயர் பூண்டு, இளமையிலேயே ஊரை நீங்கி, இஸ்லாத்தைத் தழுவி, சிப்பாயாக வாழ்வைத் தொடங்கினார் என்பர். அவரது இளமையைக் கதைப்பாடலும் வாய்மொழியும் பலவாறு வண்ணம் தீட்டியுள்ளன. நாம் அவற்றுள் நீண்ட நேரம் நிற்க வேண்டுவதில்லை. 1752-இல் கிளைவின் படையில் அவர் இருந்த காலம் முதலே அவரது வரலாறு தெளிவுபெறுகின்றது.

அப்போது ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு முகம்மதலியும் சந்தாசாகிபும் போட்டியிட்டனர். முன்னவரை ஆங்கிலேயரும் பின்னவரைப் பிரெஞ்சுக்காரரும் தாங்கினர். ஐரோப்பாவில் இவ்விரு நாடுகளும் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை! அங்கே கை குலுக்கியவர்கள் இங்கே நம்மவர் பெயரால், நம்மவர் குருதியால் போரிட்டுக்கொண்டனர். பிறர் கையால் நடத்தும் போர் என்று இக்காலத்து அரசியலறிஞர் கூறுவது இதனையே.

திருச்சிராப்பள்ளியை மையமாகக் கொண்டு 1752 முதல் 1754 வரை நிகழ்ந்த நெடும்போரில்தான் யூசுப்கானின் தனித்திறம் வெளிப்பட்டது. பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் நகரை நெருக்கி நின்றன. கோட்டைக்குள் அரிசி இல்லை. புதுக்கோட்டைத் தொண்டைமானின் நாட்டில் நெல் இருந்தது, ஆனால் இடைவழி முழுதும் பகைவர் குதிரைப்படை. இரவோடிரவாகக் காட்டுவழிகளில் பொதிமாடுகளை நடத்தி, ஒற்றர் வாயிலாகப் பகைவர் இருப்பையறிந்து, தானியத்தைக் கோட்டைக்குள் சேர்க்கும் பணியில் அவருக்கு ஒப்பாரில்லை என்று ஆங்கிலத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்சே புகழ்ந்து எழுதினார். 1754-இல் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் கமாண்டண்ட் ஆக்கப்பட்டார். பொற்பதக்கமும் பெற்றார்.

அதே ஆண்டில் அவருயிரைக் குடிக்கவிருந்த சூழ்ச்சி ஒன்றும் நிகழ்ந்தது. யூசுப்கான் மைசூராருடன் கள்ளத்தனமாக உறவாடுகிறார் என்று காட்டும் பொய்க்கடிதம் ஒன்று ஆங்கிலேயர் கையில் அகப்படுமாறு போடப்பட்டது. லாரன்சு ஐயுற்றார். அவரை உடனே தூக்கிலிட்டிருந்தால் மைசூரார் ஒரு தோட்டாவும் செலவிடாமல் தம் பெரும்பகைவரை ஒழித்திருப்பர். நல்லவேளையாக விசாரணை நடந்தது. லாரன்சின் மொழிபெயர்ப்பாளரான பொன்னியப்பன் என்பவரே சூழ்ச்சியின் வேர் என்பது வெளிப்பட, அவர் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டார். பொய்ச்செய்தியைப் படைக்கலமாக்குவது இக்காலத்தின் புதுமை என்று எண்ணும் மாணவர்கள் இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்க வேண்டும்.

இனி நாம் நம் பகுதிக்கு வருவோம். நாம் வாழும் வெள்ளானூரிலிருந்து பரங்கிமலை ஒருநாள் நடைக்குள் அடங்கும் தொலைவே. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, தென்பாண்டி நாட்டிலிருந்து யூசுப்கான் வரவழைக்கப்பட்டார். அவர் கோட்டைக்குள் புகவில்லை. செங்கற்பட்டைத் தளமாகக் கொண்டிருந்த கேப்டன் பிரஸ்டனோடு சேர்ந்து, சென்னையின் புறநாடு முழுதும் சுற்றித் திரிந்தார். முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிடுவது அவர் முறை. பிரெஞ்சுப் படைக்கு வரும் உணவும் மருந்தும் வழியில் மறிக்கப்பட்டன. துரத்தினால் கலைந்தனர், திரும்பினால் கூடினர். ஓரிடத்தில் விரட்டினால் வேறிடத்தில் வந்து மொய்க்கும் ஈக்களுக்கு லாலி இவர்களை ஒப்பிட்டார். அதனினும் சிறந்த நற்சான்று வேறென்ன வேண்டும்? 1759 பிப்ரவரி 9-ஆம் நாள் பிரெஞ்சுக்காரர் பொறுமையிழந்து பரங்கிமலையைத் தாக்கினர். காலியோ, பிரஸ்டன், யூசுப்கான் ஆகியோரின் படைகள் பகல்முழுதும் ஈடுகொடுத்து நின்றன. ஒரு வாரத்தில் ஆங்கிலக் கப்பல்கள் துறையில் தோன்ற, லாலி பீரங்கிகள் பலவற்றைக் கைவிட்டு நீங்கினார். சென்னையைக் காத்தவை கப்பல்களே என்று பாடநூல்கள் பகரும். கப்பல் வரும்வரை லாலியின் வயிற்றைக் காயவைத்தவரை அவை மறந்துவிடுகின்றன.

ஸ்பெயின் நாட்டு மக்கள் நெப்போலியனை எதிர்த்து இவ்வாறு போரிட்டதும், சிறுபோர் எனப் பொருள்படும் கெரில்லா என்னும் சொல் உலகெங்கும் பரவியதும் இதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்தே என்பதை இங்கே கூறிவைப்போம்.

வெற்றியோடு மதுரைக்குத் திரும்பிய கான்சாகிபு, மதுரை திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குத்தகையாகப் பெற்று ஆண்டார். குளங்களும் கால்வாய்களும் செப்பமுற்றன. மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய மானியங்கள் மீட்டளிக்கப்பட்டன. வணிகர் அச்சமின்றி வழிநடந்தனர். 1760-இல் தூத்துக்குடியிலிருந்து ஆழ்வார்திருநகரி வரை ஏறிவந்த டச்சுக்காரரைக் கடற்கரைக்கே துரத்தினார். இத்தனையும் உண்மை.

மற்றொரு பக்கமும் உண்மையே. நெற்கட்டும்செவல் பூலித்தேவருக்குத் திருவிதாங்கூர் துணைநின்றது. களக்காட்டை விட்டுக்கொடுத்துத் திருவிதாங்கூரைத் தம் பக்கம் திருப்பியபின், 1761-இல் பூலித்தேவரின் கோட்டைகளைக் கான்சாகிபு வீழ்த்தினார். அந்நியருக்கு வரிகட்ட மறுத்தவர்களை அந்நியரின் பெயரால் அவர் அடக்கினார். கள்ளர் நாட்டில் அவர் காட்டிய கடுமை கொடிது. அவரை விடுதலை வீரர் என்று மட்டும் கூறி மகிழ்வோர் இப்பகுதியை விரைந்து கடப்பதைக் காண்கிறோம். நாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. கும்பினியின் ஊழியர் என்று மட்டும் கூறி இகழ்வோரும் அடுத்து வந்த இரண்டாண்டுகளை மறைக்கவே செய்கின்றனர்.

தம் பெயருக்குரிய நாட்டில் தம்மினும் செல்வாக்குடைய ஒருவர் இருப்பதை நவாபு முகம்மதலி பொறுக்கவில்லை. கான்சாகிபு தம் குத்தகைக்காரரே அன்றி வேறல்லர் என்று அவர் வற்புறுத்தினார். சென்னைக் கும்பினியார் நவாபின் பக்கம் சாய்ந்தனர். கூடுதல் தொகை தருவதாகக் கூறியும் பயனில்லாமற் போகவே, 1763 தொடக்கத்தில் மதுரைக் கோட்டையில் கான்சாகிபு பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மர்சாந்து என்னும் பிரெஞ்சு அதிகாரியும் அவருடைய வீரர்களும் அவரிடம் வந்து சேர்ந்திருந்தனர்.

அக்கொடியே அவரது பெரும்பிழை என்பது நம் கருத்து. அதே ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையில், கருநாடகத்தின் முறையான நவாபு முகம்மதலியே என்று பிரெஞ்சு அரசு ஏற்றுக்கொண்டது. பல்லாயிரம் கல் தொலைவில் எழுதப்பட்ட ஒரு தாளால், மதுரையில் பறந்த கொடி வெறுந்துணியாயிற்று. 2014-இல் கிரிமியாவில் அடையாளச் சின்னமின்றிப் படைவீரர் இறங்கியதையும், கொடியின்றிப் போரிடுவதன் நன்மைகளையும் இன்றைய வல்லுநர் விரித்துரைக்கின்றனர். கொடியை நம்பியவரின் கதி அன்று மதுரையில் தெரிந்தது.

1763-இல் வந்த முதல் முற்றுகையைக் கான்சாகிபின் உறுதியும் மழையும் முறியடித்தன. 1764 ஜூன் 26-இல் மதில்மேல் நிகழ்ந்த பெருந்தாக்குதலும் தோற்றது. அன்று படுகாயமுற்று உயிர்நீத்தவர்களுள் ஒருவர் மேஜர் பிரஸ்டன். ஐந்தாண்டுகளுக்கு முன் பரங்கிமலையில் கான்சாகிபின் தோளோடு தோள் நின்ற அதே பிரஸ்டன்!

அதன்பின் ஆங்கிலேயர் மதிலைத் தொடவில்லை. தளபதி காம்பெல் நகரைச் சுற்றி வளைத்து, வரும் தானியத்தை நிறுத்தினார். எந்தக் கலையால் லாலி தோற்றாரோ அந்தக் கலையே அதன் ஆசான்மேல் திரும்பியது. கோட்டைக்குள் பசி மூண்டது, குதிரைகள் மடிந்தன, வீரர் தப்பியோடினர். பசி திறக்காத கதவை இரண்டகம் திறந்தது. திவான் சீனிவாசராவும் மர்சாந்தும் உள்ளிட்டோர் தமக்குள் கலந்து முடிவு செய்தனர். அக்டோபர் 13-ஆம் நாள் அவர் தொழுகையில் இருந்தபோது பாய்ந்து பிடித்து, அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினர் என்பது வழிவழிச் செய்தி. பொய்க்கடிதத்திற்குத் தப்பியவர், உடன் உண்டவர் கைக்குத் தப்பவில்லை.

அவரை நவாபிடம் ஒப்படைத்தனர். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் மதுரையின் மேற்கே தூக்கிலிட்டனர். இருமுறை கயிறு அறுந்தது என்று மக்கள் சொல்வர். இறந்த பின்னும் அச்சம் நீங்காது உடலைத் துண்டித்துத் தலையைத் திருச்சிக்கும் ஏனைய உறுப்புகளைப் பிற ஊர்களுக்கும் அனுப்பினர் என்பது மரபு. அவருடைய மனைவி மாஸா போர்த்துக்கீசிய வழியினர் என்பர். சிறுவனான ஒரு மகனும் இருந்தான்.

அவரைப் பாடும் கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடல் தென்பாண்டிச் சீமையில் வழங்கி, அச்சும் ஏறியது. 1997-இல் அவர் வரலாறு திரைப்படமாகத் தொடங்கியபோது, இங்கிலாந்து அரசி எலிசபெத்தே அந்தத் தொடக்கவிழாவுக்கு வந்திருந்தார். படம் முடிவுறவில்லை. மதுரை சென்று கான்சாமேட்டுத் தெரு வழியாக நடக்கும் நம் மாணவர்கள், காளவாசலை அடுத்த சம்மட்டிபுரத்தில் ஒரு சிறு பள்ளிவாசலைக் காணலாம். அவருடலின் எஞ்சிய பகுதி அங்கேதான் அடக்கப்பட்டுள்ளது என்பர்.