அண்ணல் துறந்த அமைச்சர் பதவியும் ஏலமலைப் பெண்களின் மணவிலக்கு உரிமையும்

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. போடிமெட்டு வழியாக மலையேறி, கேரள எல்லைக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பகுதிகளின் ஏலத்தோட்டங்களுக்குக் களையெடுக்கவும் காயெடுக்கவும் செல்லும் பெண்களில் தலித் பெண்கள் பலர். கணவனால் கைவிடப்பட்டவர்களும், அடி தாங்காமல் பிறந்த வீடு திரும்பியவர்களும் அவர்களுள் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை ஏற்பதா, நீதிமன்றப் படியேறுவதா என்ற கேள்வி அவர்கள்முன் நிற்கிறது. அந்தப் படியை அமைக்கப் போராடி, அது தடுக்கப்பட்டபோது அமைச்சர் பதவியையே உதறியவர் அண்ணல் அம்பேத்கர். அரசமைப்புச் சட்டத்தின் சிற்பியாக அவரைக் கொண்டாடும் நாம், அவரது வாழ்வின் இந்தப் பகுதியைப் போதிய அளவு பேசுவதில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் நகரில் பிறந்த பீமாராவுக்கு, அக்கால வழக்கப்படி பள்ளிப் பருவத்திலேயே ரமாபாயுடன் திருமணம் நடந்தது. அவர் வெளிநாடுகளில் பயின்ற ஆண்டுகளில் வறுமையையும் பிள்ளைகளின் மரணங்களையும் சுமந்த ரமாபாய் 1935இல் மறைந்தார். சாதிக்கும் பெண்ணடிமைத்தனத்துக்கும் உள்ள உறவை அண்ணல் மிக இளம் வயதிலேயே ஆராய்ந்திருந்தார். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த சாதிகள் பற்றிய கட்டுரை, அகமணமே சாதியின் உயிர்நாடி என்று நிறுவியது. உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை அகமணத்தைக் காக்க உண்டாக்கப்பட்ட ஏற்பாடுகள் என்று அவர் விளக்கினார். பெண்ணின் மணவாழ்வைக் கட்டுப்படுத்தாமல் சாதி நிலைக்க முடியாது என்பதே அதன் சாரம்.

இந்த ஆய்வு அவரது அரசியலிலும் தொடர்ந்தது. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மநுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைப் பெண் தொழிலாளரின் மகப்பேறு உதவிக்கான மசோதாவை அவர் ஆதரித்தார். 1942 சூலையில் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், திருமணத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்றும், மனைவி கணவனுக்குத் தோழியாகவும் சமமானவளாகவும் இருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்.

விடுதலை இந்தியாவின் முதல் சட்ட அமைச்சரான அவர், பி.என். ராவ் குழு உருவாக்கியிருந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கையில் எடுத்தார். 1948 ஏப்ரலில் அது தேர்வுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. பலதார மணத்துக்குத் தடை, பெண்ணுக்குச் சொத்துரிமை, சாதி கடந்த திருமணத்துக்கு ஏற்பு ஆகியவற்றோடு மணவிலக்கும் அதில் இடம்பெற்றது. கைவிடுதலும் கொடுமையும் மணவிலக்குக்குப் போதிய காரணங்களாக அப்போதே அவர் முன்வைத்த பட்டியலில் இருந்தன.

மணவிலக்கு இந்துப் பண்பாட்டுக்கு அந்நியமானது என்று எதிர்த்தரப்பு முழங்கியது. உழைக்கும் சாதிகளிடையே மணமுறிவும் மறுமணமும் காலங்காலமாக வழக்கில் இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். சிறுபான்மையான மேல்சாதியாரின் நெறியைப் பெரும்பான்மையினர்மீது சுமத்துவதன் நியாயத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். தென்மாவட்டங்களில் அறுத்துக்கட்டும் வழக்கத்தை இழிவாகப் பேசுவோரைக் கண்ட நமக்கு, இந்த வாதத்தின் கூர்மை எளிதில் விளங்கும். இழிவாகக் கருதப்பட்ட வழக்கத்தில் இருந்த விடுதலைக் கூற்றை அவர் சட்டத்தின் மொழிக்குக் கொண்டுவந்தார். சென்னை மாகாணமும் 1949இலேயே இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்கை அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியிருந்தது.

ஆயினும் நாடாளுமன்றத்தில் மசோதா ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் முதல் ஆளுங்கட்சியின் மூத்த உறுப்பினர்கள்வரை பலர் எதிர்த்தனர். திருமணம், மணவிலக்குப் பகுதியை மட்டுமாவது நிறைவேற்றலாம் என்ற இறுதி முயற்சியும் 1951 செப்டம்பரில் சில பிரிவுகளோடு நின்றுபோனது. அம்மாதமே அண்ணல் பதவி விலகினார். பட்டியல் சாதியினர்மீது அரசு காட்டிய அலட்சியம், வெளியுறவுக் கொள்கை ஆகியவையும் காரணங்களாயினும், மசோதா கைவிடப்பட்டதே உடனடிக் காரணம். அடுத்து வந்த முதல் பொதுத்தேர்தலில் வட பம்பாய்த் தொகுதியில் அவர் தோற்றார்.

பிறகு அந்தத் தொகுப்பு நான்கு தனிச் சட்டங்களாக நிறைவேறியது. 1955 மே 18 அன்று இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் கொடுமையும் கைவிடுதலும் நீதிமுறைப் பிரிவுக்கான காரணங்களாக மட்டுமே வைக்கப்பட்டன. அவை நேரடியாக மணவிலக்குக்கான காரணங்களானது 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அண்ணல் முன்மொழிந்ததை எட்டச் சட்டத்துக்கு 28 ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, நாகபுரியில் பௌத்தம் தழுவிய சில வாரங்களில், 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்துவிட்டார்.

இன்று அந்த உரிமை எந்த நிலையில் உள்ளது? 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடும்ப நல நீதிமன்றங்கள் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும். பரஸ்பர சம்மத மணவிலக்குக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு அளித்தபின் ஆறு மாதக் காத்திருப்பும் உண்டு. தகுந்த வழக்குகளில் அக்காத்திருப்பைத் தளர்த்தலாம் என 2017இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு வாய்தாவும் தோட்டப் பெண்ணுக்கு ஒருநாள் கூலி இழப்பு. அந்தச் சுமையால் பலர் ஊர்க்கூட்டத்தின் முடிவோடு நின்றுவிடுகின்றனர்.

வழக்காற்று மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஏற்கிறது. ஆனால் அவ்வழக்காறு இருப்பதை, அதனைச் சார்ந்து வாதிடுபவரே நிறுவ வேண்டும். எழுத்தில் பதியப்படாத ஊர்த் தீர்ப்பு, மறுமணத்தின்போதும் வாரிசுரிமைக் கோரிக்கையின்போதும் பெண்ணைக் கைவிட்டுவிடலாம். ஆண்கள் மட்டுமே அமர்ந்து தீர்த்துவைக்கும் கூட்டங்கள் நம் சேரிகளிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை நமக்கு வேண்டும்.

பெண்கள் அறிய வேண்டிய உரிமைகள் மூன்று. மனைவி மனுதாரராயின், தாம் வசிக்கும் பகுதிக்குரிய நீதிமன்றத்திலேயே மனு செய்யலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இதை உறுதிசெய்தது. கணவன் மலைக்கு மேலே கேரளத் தோட்டத்தில் இருந்தாலும் போடிப் பெண் அங்கு அலைய வேண்டியதில்லை. வழக்கு நடக்கும்போதே இடைக்காலப் பராமரிப்பும் வழக்குச் செலவும் கோரலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்கீழ், பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். கிறித்தவ தலித் பெண்களுக்குப் பொருந்துவது 1869ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம். கணவனின் பிறன்மனை உறவோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிறுவ வேண்டிய அதன் அநீதி 2001இல்தான் நீக்கப்பட்டது.

ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலையிடும் தோழர்களும், வாசகர் வட்டம் நடத்தும் மாணவர்களும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஜீப் நிற்கும் இடத்தில், விடியலில், இந்த மூன்று உரிமைகளையும் ஒரு துண்டறிக்கையாகக் கொண்டுசேர்க்கலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம்வரை ஒரு பெண்ணுக்குத் துணையாகச் செல்லலாம். அண்ணல் பதவியைத் துறந்தது எந்த உரிமைக்காகவோ, அது அதற்குரியவளின் கைக்குச் சேரும்வரை அவரது பணி நம் பொறுப்பில் இருக்கிறது.