1729 மட்டுமில்ல... ராமானுஜனுக்கு கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கித் தந்த எண்கள் எவை தெரியுமா?

ராமானுஜன் என்றாலே பலருக்கும் 1729 தான் ஞாபகம் வரும். ஆனா, அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தது வேற எண்கள். அந்தப் பட்டியலில் மிகப் பெரியது 67,46,32,83,88,800. அதாவது சுமார் 6.74 லட்சம் கோடி!

ஃபெயிலான மாணவர்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்ததால் மற்ற பாடங்களில் கோட்டை விட்டார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க் ஆனார். அடுத்த ஆண்டு கணித மேதை ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம்தான் 1914-ல் அவரை கேம்பிரிட்ஜுக்கு கப்பல் ஏற வைத்தது.

அது என்ன எண்?

12-ஐ எடுத்துக்கோங்க. 1, 2, 3, 4, 6, 12 என 6 எண்களால் மீதியில்லாமல் வகுபடும். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் கிடையாது. இப்படி, தனக்கு முந்தைய எல்லா எண்களையும் விட அதிக வகுத்திகள் கொண்டதுதான் உயர் பகு எண். 24, 36, 48, 60 எல்லாமே இந்த ரகம்தான்.

ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் ஆயுசு போதாது. ராமானுஜன் பகா எண்களைப் பிடித்துக்கொண்டார். இந்த எண்களில் 2, 3, 5, 7 என பகா எண்கள் இடைவெளி இல்லாமல் வரும். சின்ன பகா எண்ணை விட பெரியது அதிக முறை வராது. 4, 36 தவிர மற்றதில், கடைசி பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்று நிரூபித்தார்.

67,46,32,83,88,800-ல் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 10,080 வகுத்திகள்!

தப்பிய ஒரு எண்

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அவர் பட்டியலிட்டது 102 எண்கள். விடுபட்டது ஒன்றே ஒன்று: 2,93,31,86,25,600. இதை 23-ஆல் பெருக்கினால் அவரது கடைசி எண்ணே வந்துவிடும் என்பதுதான் ஆச்சரியம்.

கிடைத்தது பட்டம்

1915-ல் லண்டன் கணிதச் சங்க இதழில் கட்டுரை வெளியானது. சங்கத்துக்கு அப்போது பண நெருக்கடி. அதனால் ஒரு பகுதி அச்சேறவே இல்லை. ஆனாலும், இந்த ஆய்வுக்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தாண்டாதவருக்கு!

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயோடு 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32 தான். அன்று அச்சேறாத அந்தப் பகுதி 1997-ல்தான் வெளிவந்தது. அவர் மறைந்து 77 ஆண்டுகள் கழித்து.