ரயிலேறத் தடை விதிக்கப்பட்ட தியாகி சுப்பிரமணிய சிவா

மாரண்டஹள்ளி ரயில் நிலையத்தில் டிக்கெட் எடுத்து, நினைத்த ஊருக்கு நாம் ஏறிப் போகிறோம். நம் தருமபுரி மாவட்டத்தில் கண்மூடிய ஒரு தியாகிக்கு இந்த உரிமை மறுக்கப்பட்டது. அவர்தான் சுப்பிரமணிய சிவா.

1884-ல் வத்தலக்குண்டில் பிறந்தவர். 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சி.யுடன் மேடையேறி சுதேசியம் பேசினார். கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றார். அவ்வாண்டு மார்ச் 12-ல் இருவரும் கைதாயினர். ராஜதுரோக வழக்கில் சிவாவுக்கு 10 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் 6 ஆண்டாகக் குறைந்தது. 1912-ல் விடுதலையானபோது தொழுநோயோடு வெளியே வந்தார்.

நோய் தொற்றும் என்று சொல்லி, அவர் ரயிலில் செல்ல ஆங்கிலேய அரசு தடை விதித்தது. அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. 1913-ல் 'ஞானபானு' இதழைத் தொடங்கினார். கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று விடுதலை உணர்வை ஊட்டினார். பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமம் அமைத்தார். அங்கு அவர் எழுப்ப விரும்பிய பாரத மாதா ஆலயத்திற்கு 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று அவ்வூரிலேயே காலமானார். அப்போது வயது 40.

அன்று இந்நோய்க்குத் தகுந்த மருந்தில்லை. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டு மருந்து இலவசம். 6 முதல் 12 மாதங்களில் குணமாகிறது. ஆனாலும் குணமானவர் அருகில் உட்கார இன்னமும் தயங்குகிறோம். பாப்பாரப்பட்டி நினைவிடத்திற்குச் செல்லும்போது, அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டுத் திரும்புவோமாக.