பொன்னைக் கரைத்த வேதியியலாளர்

கோலார் தங்கவயலில் வெளிறிய குன்றுகள் பல உள்ளன. அவை இயற்கையாக எழுந்தவை அல்ல. பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய பாறைத்தூள். அவற்றைச் சயனைடு குன்றுகள் என்பர். அவற்றின் கதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்குகிறது.

அந்நகரில் 1856ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் ஸ்டூவர்ட் மக்ஆர்தர். இளவயதிலேயே வேதியியல் ஆய்வகப் பணியில் சேர்ந்தார். பாறையில் நுண்துகளாகக் கலந்திருந்த பொன்னில் பெரும்பகுதி அக்காலத்தில் கழிவோடு வீணாயிற்று. 1887ஆம் ஆண்டு அவரும் மருத்துவர்களான ஃபாரஸ்ட் சகோதரர் இருவரும் அதனை மீட்க வழி கண்டனர். நீர்த்த சயனைடு கரைசல் பொன்னைக் கரைத்தது. துத்தநாகம் அதனைக் கரைசலிலிருந்து பிரித்துத் தந்தது.

பொன் எளிதில் வினைபுரியாத உலோகம். பாறையை மாவாக அரைத்தால் கரைசல் படும் பரப்பு மிகும். காற்றைச் செலுத்தினால் வினைக்கு வேண்டிய ஆக்சிஜன் கிடைக்கும். இவ்விரண்டும் வினையை விரைவுபடுத்தும்.

தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த கோலார் சுரங்கங்களும் இம்முறையைக் கைக்கொண்டன. 1896ஆம் ஆண்டு திரான்ஸ்வால் நீதிமன்றம் மக்ஆர்தரின் காப்புரிமையை நீக்கியது. எனினும் அவர் தளரவில்லை. பின்னாளில் ரேடியம் பிரித்தெடுக்கும் தொழிலில் ஈடுபட்டு, 1920ஆம் ஆண்டு மறைந்தார்.

கோலார் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன. பொன் விரைந்து கரைவதற்காக மாவாக அரைக்கப்பட்ட அத்தூளோ, காற்று வீசும்போதெல்லாம் இன்றும் குடியிருப்புகளில் படிகிறது.