குமரப்பாவும் பனைவெல்லக்காரரும்

வாளையாறு தாண்டினால் ரயிலின் இருபுறமும் பனை. முன்போல் இல்லை, இருந்தாலும் உண்டு. அதைப் பார்த்தால் நினைவுக்கு வரவேண்டிய தமிழர் ஜே.சி. குமரப்பா.

1892-ல் தஞ்சையில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்தவர். பம்பாயில் ஆடிட்டர். 1929-ல் காந்திஜியைச் சந்தித்தபின் கோட்டு போய்க் கதர் வந்தது. 1934-ல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்துக்கு வார்தாவில் செயலாளரானார்.

அவருடன் உழைத்தவர்களைத்தான் யாரும் நினைப்பதில்லை. மாட்டுச் செக்கைத் திருத்தி அமைத்தவர் ஜவேர்பாய் படேல். பனைவெல்லம் கஜானன் நாயக்கின் பொறுப்பு. கரும்புக்கு நஞ்சையும் தண்ணீரும் வேண்டும். பனைக்கு வரப்பு போதும். பனையில் வெல்லம் எடுத்தால் நஞ்சை நெல்லுக்கு மிஞ்சும். இது குமரப்பாவின் கணக்கு. கள்ளுக்கடையை மூடினால் மரமேறியின் வயிறு? கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கிக் காய்ச்சினால் அதே மரம் சோறு போடும். நாயக் இதற்கே பாடுபட்டார். பின்னாளில் மத்திய அரசின் பனைவெல்ல ஆலோசகரானார்.

குமரப்பா கடைசியில் தங்கியது டி.கல்லுப்பட்டியில், ஜி.வெங்கடாசலபதி 1940-ல் நிறுவிய காந்தி நிகேதனில். 1960 ஜனவரி 30, காந்திஜி மறைந்த அதே தேதியில் காலமானார். குமுளி வழியாக மதுரைப் பக்கம் ஊருக்கு இறங்கும் இடுக்கித் தோட்டத்து நண்பர்கள், கொஞ்சம் வழி விலகினால் அந்த ஆசிரமத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்.