எண்ணே கண்ணாக

புறக்கண்களின் ஒளி மங்கிய பின்னரும் எண்ணையே கண்ணாகக் கொண்டு வாழ்ந்தவர், கணிதப் பேரறிஞர் லியோன்ஹார்டு ஆய்லர். அவர் சுவிட்சர்லாந்து நாட்டிலுள்ள பேசல் நகரில் 1707ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். சமய போதகராகிய தந்தையார், தம் மைந்தரும் அத்தொண்டினையே மேற்கொள்ள வேண்டுமென விரும்பினார். ஆயின், யோகான் பெர்னூலி என்னும் கணித வல்லுநர் அவ்விளைஞரின் நுண்ணறிவை உணர்ந்து, கணித நெறியில் அவரை ஆற்றுப்படுத்தினார். 1727இல் ஆய்லர் இரசிய நாட்டின் செயின்ட் பீட்டர்சுபர்க்கு நகருக்குச் சென்று, ஆங்கிருந்த அறிவியற் கழகத்தில் பணியேற்றார்.

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 7, 13 முதலியன அத்தகையன. சிற்றெண்களை ஆராய்தல் எளிது. பேரெண்களை ஆராய்தல் அரிது. பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை பெர்மா, 4294967297 பகா எண் எனக் கருதியிருந்தார். ஆய்லரோ, 641ஐ 6700417ஆல் பெருக்க அவ்வெண் வருதலை 1732இல் காட்டினார். சொன்னவர் பெருமை நோக்காது, சொன்ன பொருளின் உண்மை நோக்குவதே அவர்தம் இயல்பு.

1738ஆம் ஆண்டளவில் அவரது வலக்கண் பார்வை கெட்டது. 1741 முதல் 25 ஆண்டுகள் பெர்லின் நகரில் பணியாற்றியபின், 1766இல் மீண்டும் இரசியா புகுந்தார். அப்பொழுது இடக்கண்ணையும் புரை மறைக்கலாயிற்று. 1771இல் செய்த கண் மருத்துவமும் நிலைத்த பயன் தரவில்லை. அவ்வாண்டிலேயே அவரது இல்லமும் தீக்கிரையாயிற்று. எனினும் அவர் உள்ளம் தளர்ந்தாரல்லர். மனத்தாலேயே கணக்கிட்டு, மக்களையும் மாணாக்கரையும் கொண்டு எழுதுவித்தார்.

முப்பத்தோர் இரண்டுகளைத் தம்முள் பெருக்கி, ஒன்றைக் குறைத்தால் 2147483647 கிடைக்கும். மெர்சேன் என்னும் பிரெஞ்சுத் துறவி இதனைப் பகா எண் என 1644இல் எழுதினார், ஆயினும் மெய்ப்பித்தாரில்லை. வகுக்கும் எண் உண்டெனக் காட்ட ஒன்று போதும். இல்லையெனக் காட்டவோ எல்லா வழிகளையும் அடைத்தல் வேண்டும். இதன் வர்க்கமூலம் 46340க்குச் சற்று மிகுதி. அவ்வெல்லைக்குட்பட்ட பகா எண்கள் நாலாயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்றும் வகுக்காதாயின், இதுவும் பகா எண்ணே. ஆனால், அத்தனை எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டா என்பதை ஆய்லர் கண்டார். இதனை வகுக்கவல்ல பகா எண் எதுவாயினும், அதனை 248ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மீதியாதல் வேண்டும் என்பது அவர் கண்ட நுட்பம். அவ்வியல்பு வாய்ந்த பகா எண்கள் அவ்வெல்லைக்குள் நூற்றுக்கும் குறைவே. அவற்றுள் ஒன்றும் வகுக்கவில்லை. பார்வை இழந்த அம்முதியவர், இம்முடிவை 1772இல் மடல் வாயிலாகப் பெர்னூலி குடும்பத்து அறிஞர் ஒருவருக்குத் தெரிவித்தார்.

எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இதனினும் பெரிய பகா எண்ணை எவரும் அறிந்திலர். மெர்சேன் பகா எண்கள் எனக் குறித்தவற்றுள் வேறு சில அத்தன்மையன அல்ல எனப் பிற்காலத்தார் கண்டனர். ஆதலின், நம்பிக்கை வேறு, மெய்ப்பித்தல் வேறு என்பது புலனாகும்.

1783 செப்டம்பர் 18இல் ஆய்லர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கட்டுரைகளை அறிவியற் கழகம் பல்லாண்டுகள் தொடர்ந்து வெளியிட்டது. குறை கண்டு சோராது, கற்றதனைத் துணையாகக் கொண்டு உழைப்போர்க்கு இருளிலும் வழி புலப்படும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.